பளீல் பூட்டிய கொம்பியூட்டர் நித்திரை கொள்ளாத கதை

பளீல் எனக்கு மச்சான். என் தங்கை ஸம்ஸியாவின் புருஷன். சாய்ந்தமருதில் பிரதான வீதிக்கு மேற்கே நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அவன் இருக்கிறான். நானோ மூன்று ஒழுங்கை தள்ளி என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வழமை அப்படி. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வழமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் படித்த அறையில், நான் கட்டில் போட்டுப் படுத்த அதே மூலையில், இன்றைக்கு ஒரு கொம்பியூட்டர் ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நான் பக்கச்சார்பாகக் கதைத்ததாக யாரும் சொல்லக் கூடாது.

பளீலுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு காரியாலயத்தில் லிகிதர். நல்ல மனிசன், கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாத நேரங்களில். கலியாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பார்த்தவன் அவன். மறுபடி பூட்டிய பிறகு அது பத்து மணிக்குப் பதினொரு தரம் அடித்தது. எங்கள் வாப்பா மௌத்தாகிக் கண்மூடும்வரை ஒவ்வொரு நாளும் அடியை எண்ணி, ஒன்றைக் கழித்துத்தான் நேரம் பார்த்தார். புது மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று எங்களுக்கும் கட்டளை போட்டிருந்தார். அந்த மரியாதையைப் பளீல் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மின்விசிறி, தண்ணீர் மோட்டர், உம்மாவின் கிரைண்டர் எல்லாம் அவன் கையால் ஒருமுறை செத்துப் பிழைத்தன. கடைசியில் கொம்பியூட்டருக்கு வந்தான். கடையில் முழுதாக விற்கும் கொம்பியூட்டரை வாங்குவது அவன் கொள்கைக்கு ஒத்துவராது. பெட்டியைக் கல்முனையில் வாங்கினான். மதர்போட் கொழும்பிலிருந்து தெரிந்த ஒருவர் கையோடு பஸ்ஸில் வந்தது. டிஸ்க்கைப் பழைய லப்டொப் ஒன்றின் வயிற்றைக் கிழித்து எடுத்தான். ஒன்பது நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பூட்டினான். அந்த ஒன்பது நாளும் என் தங்கை வீட்டார் பாயில் இருந்துதான் சாப்பிட்டார்கள்.

பூட்டி முடிந்த அன்று ஒரு ஸ்க்ரூ குறைந்தது. நான் அந்த நேரம் பார்த்து அங்கே போய்த் தொலைத்தேன். மேசைக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடினோம். பாயை உதறினோம். பிறகு அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மச்சான், கோவிக்காத. சாரனை ஒருக்கா உதறிக் காட்டு."

நான் பிறந்த வீட்டில், என் தங்கைக்கு முன்னால், சாரன் மடிப்பை உதறிக் காட்டினேன். ஸ்க்ரூ விழவில்லை. "கொம்பனிக்காரன் ஒண்டு குறைச்சுத்தான் போட்டிரிக்கான்" என்று அவன் முடிவு கட்டினான். என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கொம்பியூட்டருக்கு ஒரு வியாதி. ஓப் பண்ணினால் ஓப் ஆகாது. திரை கறுக்கும், உள்ளே விசிறி ஒரு மூச்சு அடங்கும், 'சரி, போய்விட்டது' என்று நாம் எழும்பும்போது தானாகத் திரும்பவும் ஓன் ஆகும். விடைபெற்றுக்கொண்டு படலை வரைக்கும் போய், ஒரு கதை மறந்துவிட்டதென்று திரும்பி வரும் விருந்தாளி மாதிரி. இரண்டு மாதம் பளீல் அதைப் பிளக்கைப் பிடுங்கித்தான் நிற்பாட்டினான்.

இந்த இடத்தில் மரைக்காயர் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர், அதாவது குடியின் சார்பில் பேசும் ஆள், உண்டு. குடி என்பது தாய்வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பளீலின் குடிக்கு இருபத்திரண்டு வருஷமாக முகம்மது தம்பி மரைக்காயர்தான். அவர் பளீலின் உம்மாவோடு கூடப்பிறந்தவர், அவனுக்குத் தாய்மாமன். அவருக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. வேறொருவரைப் பார்க்கும்படி குடிக்காரரிடம் சொல்லிவிட்டார். குடியில் எத்தனை குடும்பம், யார் வெளிநாட்டில், எந்த வீட்டில் விதவை, எந்த வீட்டில் கலியாண வயதில் பிள்ளை என்று எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் பதிந்து தரக்கூடிய ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது சிலர் பளீலின் பெயரைச் சொன்னார்கள்.

பெயர் அடிபட்டதைக் கேள்விப்பட்ட அன்று பளீல் ஆணி, பெயின்ற் விற்கும் என் கடைக்கு வந்து, பெயின்ற் வாளி ஒன்றின்மேல் குந்தினான். பிறகு சொன்னான்:

"மச்சான், ஒபிஸில நான் கிளாக்கர். ஊட்டில ஸம்ஸியாட மாப்பிள்ளை. இவ்வளவு காலத்தில ஒரு காரியத்துக்கு முதல்ல பளீலக் கூப்பிடுங்க எண்டு ஒரு மனிசன் சொன்னதில்ல. இதான் முதல் தரம்."

எனக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு காலமும் அவனைக் கேலி பண்ணினேனே தவிர, அவனுக்குள் இப்படி ஓர் ஏக்கம் கிடப்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இது உனக்குத்தான் கிடைக்கும், பயப்படாதே என்று சொல்லி ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அவனுக்கு எதிராக ஒரு குறை இருந்தது. அது ஊருக்கே தெரியும். பளீலைப் பள்ளிவாசலில் காண வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நோன்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பள்ளிவாசல் அவன் படலையிலிருந்து நூறு யார் தூரம்தான். தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ஸம்ஸியா "போங்களன்" என்பாள். அவன் "இந்தா போறன்" என்பான். இருபத்துமூன்று வருஷமாக அந்த "இந்தா போறன்" அந்த வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. சரி, என்னைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்த விஷயத்தில் மாலை போட்டு வரவேற்கத்தக்க ஆள் இல்லை.

மரைக்காயர் மாமா தவணை வைத்தார். ஓகஸ்ட் கடைசி வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வருவார். அதற்குள் பளீல் முடித்து வைக்க வேண்டிய குடிப் பதிவைப் பார்ப்பார். மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் குடிக்காரருக்குத் தன் வார்த்தையைச் சொல்வார். பளீல் மிச்சமிருந்த லீவையெல்லாம் மொத்தமாக எடுத்தான். முதல் வேலையாக, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பதிவு அழிந்துவிடக் கூடாது, கொம்பியூட்டரைத் திருத்த வேண்டும் என்று பெட்டியை முழுதாகக் கழற்றினான்.

மதர்போட்டுக்கு அடியில் கிடந்தது அந்த ஸ்க்ரூ. இரண்டு மாதமாக அங்கே கிடந்து தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதை எடுத்தானோ இல்லையோ, ஓப் என்றதும் ஓப் ஆனது. கல் மாதிரிக் கிடந்தது. அந்த ஸ்க்ரூவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்து காட்டினான். நான் கல்லாவை விட்டு எழும்பி, வாடிக்கையாளர் இரண்டு பேருக்கு முன்னால் என் சாரனை உதறிக் காட்டினேன். அவனுக்கு வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஓப் பண்ணுவது சரி வந்த பிறகுதான், அதுவரை மறைந்திருந்த அடுத்த வியாதி வெளியே வந்தது. ஓப் பண்ணாமல், நித்திரைக்குப் போடுவது என்று ஒன்று இருக்கிறதல்லவா? திரை அணைந்து, பெட்டி அடங்கி, தட்டினால் விட்ட இடத்தில் கண் திறக்கும். அப்படிப் போட்டால் இந்தக் கொம்பியூட்டர் கொஞ்ச நேரம் படுக்கும், யாரும் தொடாமலே எழும்பும். பத்து நிமிஷம் முழித்துக் கிடந்துவிட்டுத் திரும்பவும் படுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து தரம்.

"இதென்ன பெரிய விசயம்? ஓப் பண்ணி விடன்" என்றேன்.

"பிள்ளை நித்திரை கொள்ளுதில்ல எண்டா மயக்க ஊசியா போடுற? ஏன் முழிக்குது எண்டு பாக்கத்தானே வேணும்!"

கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு டயரி இருக்கிறதாம். எப்போது படுத்தது, எப்போது எழும்பியது என்று அதுவே எழுதி வைக்குமாம். திறந்து பார்த்தோம். நேரம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது. நான் டயரியை நம்பச் சொன்னேன். பளீல் மறுத்துவிட்டான். குற்றவாளியிடமே வாக்குமூலம் வாங்குவதா என்று கேட்டான். அவன் கண்ணால் பார்த்து, கையால் எழுத வேண்டுமாம். எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, லிகிதருக்கே உரிய ஒழுங்கோடு கோடு கிழித்து, திகதிக்கு ஒரு நிரல், நேரத்துக்கு ஐந்து நிரல் போட்டான். முதல் நாள் எழுதியது: 4.39, 12.04, 3.18, 6.13, 7.25.

இனி அவன் கண்டுபிடித்த காரணங்கள். முதலில் பிரிஜ். அது ஓன் ஆகும்போது மின்சாரம் துள்ளுகிறது, அந்தத் துள்ளலில்தான் இது முழிக்கிறது என்று பிரிஜ்ஜை ஒரு பகல் முழுதும் நிற்பாட்டினான். உள்ளே பாரை மீன் இருந்ததை யாரிடமும் கேட்கவில்லை. மணம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்தது. கொம்பியூட்டர் அன்றைக்கும் ஐந்து தரம் எழும்பியது. ஸம்ஸியா இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

அடுத்தது உப்புக் காற்று. கச்சான் காற்று அடித்து ஊரே வெந்துகொண்டிருந்த அந்தக் கிழமையில், உப்பு உள்ளே போகிறதென்று அறையின் யன்னல் எல்லாவற்றையும் சாத்தினான். உள்ளே அவன் வெறும் மேலோடு, நெஞ்சில் வியர்வை ஓட, கொப்பியோடு இருந்தான். பிறகு மவுஸில் சந்தேகம் விழுந்தது. வீதியில் லொறி போனால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் மவுஸ் அசையும், மவுஸ் அசைந்தால் இது எழும்பும் என்று மவுஸைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தான். அதற்கும் அது மசியவில்லை.

"லெப்பையைக் கூட்டி வந்து ஓதி ஊதுவமா?" என்று கேட்டேன்.

"இது விஞ்ஞானம் மச்சான். விளையாடாத."

எட்டாம் நாள் அவன் வரைதாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கண் பளபளத்தது. "இஞ்ச பாரு. சும்மா எழும்புதில்ல. மத்தியானத்து நேரம் நாலு நாளைக்கு ஒரு நிமிசம் முந்துது. பின்னேரத்து நேரமும் முந்துது. வெள்ளாப்புல உள்ளது மட்டும் அப்படியே நிக்கிது. இது சூரியனோட சம்பந்தப்பட்ட விசயம் மச்சான்!"

சூரியனுக்கும் என் பழைய அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவன் யன்னலை லேசாகத் திறந்து, அடுத்த வீட்டுக் கூரையில் இருந்த சோலார் தகடுகளைக் காட்டினான். வெயில் ஏறி இறங்க வயரில் மின்சாரம் ஏறி இறங்குகிறதாம். வெயிலே இல்லாத விடியப்புற சுபஹ் நேரத்தில் எப்படி ஏறும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நெய்க்கு அலைந்தோம்.

அதற்குப் பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. சாட்சி வேண்டுமென்று அவன் கூப்பிட, நாலு நாள் நானும் விடியப்புறம் நாலரைக்கு எழும்பி அங்கே போனேன். இரண்டு பேரும் இருட்டுத் திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். 4.39க்குத் திரை வெளிச்சமாகும். "பாத்தியா!" என்பான். எழுதுவான். நான் பக்கத்தில் கையெழுத்து வைப்பேன். பிறகு இரண்டு பேரும் மேசைக்கு அடியில் புகுந்து வயர் வயராகத் தொட்டுப் பார்ப்போம். இரண்டு மூன்று நிமிஷத்தில் பள்ளியில் பாங்கு தொடங்கும். ஒரு பள்ளி முடிக்க முன்னர் அடுத்த பள்ளி, அதற்கும் அப்பால் இன்னொன்று. பிறந்த நாளிலிருந்து கேட்கும் சத்தம். கடல் இரைவது காதில் விழாதது போல அதுவும் எங்கள் காதில் விழவில்லை. ஸம்ஸியா தொழுகைப் பாயை விரித்தபடி அடுத்த அறையிலிருந்து அண்ணனாகிய எனக்குச் சொல்வாள்:

"காக்கா, நீங்களாவது இவரைக் கூட்டிப் போங்களன்."

"இந்தா போறம்" என்று மேசைக்கு அடியிலிருந்து இரண்டு குரலும் ஒன்றாகப் போகும்.

பதினைந்து நாளில் எழுபத்தைந்து நேரம் எழுதி நிரப்பிவிட்டான். ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போன நேரத்து நிரலை மட்டும் கொம்பியூட்டரின் டயரியைப் பார்த்து எழுதினான். இதற்கிடையில் எப்படியோ குடிப் பதிவையும் முடித்திருந்தான். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு மாமா வந்தார். கைத்தடி, வெள்ளைத் தொப்பி, பையில் மூக்குக் கண்ணாடி. கொம்பியூட்டர் அறையில் கதிரை போட்டு இருத்தினோம். நானும் போயிருந்தேன். பளீல் திரையில் குடும்பம் குடும்பமாகக் காட்டினான். மாமா ஒவ்வொன்றையும் வாய்க்குள் வாசித்து வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"காசிம்பாவா மௌத்தாகி மூணு வருசம். நீ அவர கட்டாருக்கு வேலைக்கு அனுப்பி வெச்சிரிக்காய்."

"அது அவர்ட மகன் மாமா, மாறிப் போச்சு" என்று பளீல் உடனே திருத்தினான். ஒரு மனிசனை அவ்வளவு லேசாக மௌத்தாக்க முடிவதைப் பார்த்து மாமாவுக்குப் பதிவில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டினார். பளீல் கொம்பியூட்டரை நித்திரைக்குப் போட்டான். ஸம்ஸியா பிளேன்ரீயும் மஸ்கற் இனிப்பும் கொண்டு வந்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

மாமா ஆறுதலாகக் குடித்தார். ஊர்க்கதை, முழங்கால் கதை எல்லாம் போனது. பொழுது சாய்ந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். "மருமகன், ஒளிக்காமச் சொல்றன். பதிவு நல்லம். ஆனா நான் இஞ்ச வந்தது 'உனக்கு இல்லை' எண்டு சொல்லத்தான். பள்ளிக்கு வராத ஆள எப்படிப் பள்ளிக்கு மரைக்காயரா அனுப்புற எண்டு குடில கேக்குறாங்க. எனக்கிட்ட மறுமொழி இல்ல."

பளீல் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. மாமாவுக்கும் சங்கடம். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் கிடந்த கொப்பியை எடுத்தார். அதுவும் பதிவுதான் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம். அவர் விரல் நிரலில் மெதுவாக இறங்கியது.

"சுபஹ்" என்றார். விரல் நகர்ந்தது. "லுஹர். அஸர். மஃரிப். இஷா." அடுத்த வரி. "சுபஹ். லுஹர்..." கண்ணாடிக்கு மேலால் பளீலைப் பார்த்தார். "பாங்குக்கு ரெண்டு மூணு நிமிசம் முந்தி. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும். பதினஞ்சு நாள், ஒண்டு தப்பாம!"

அப்போதுதான் எனக்கும் அந்த ஐந்து நேரமும் விளங்கியது. பளீலின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"நோன்பு காலத்தில பிள்ளையள் தொழுகைக்குக் கோடு போட்டு வைக்கிற மாதிரி வெச்சிரிக்காய்" என்றார் மாமா. "ஊருக்குக் காட்டாம, ஊட்டுக்குள்ளயே பாங்குக்கு முந்தி எழும்பி நிக்கிற ஒருத்தனைப் போய் நான் தவறாக் கதைச்சிட்டன். என்ன மன்னிச்சிடு மகன். நாளைக்கு ஜும்ஆவில இந்தக் கொப்பியக் காட்டிச் சொல்றன். ஒருத்தன் மறுத்துக் கதைக்க மாட்டான்."

உண்மையைச் சொல்கிறேன். நான் பளீலின் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன். சும்மா இரு என்ற அர்த்தத்தில்தான் மிதித்தேன். தானாகத் தேடி வந்த சீதேவியைக் காலால் தள்ளுவானா ஒருவன்? வாசலில் நின்ற ஸம்ஸியா என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

அந்த நேரம் கொம்பியூட்டர் எழும்பியது. திரை வெளிச்சமானது. மாமாவுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. கொம்பியூட்டர் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருப்பார். ஆனால் பளீலின் கை, பதினைந்து நாள் பழக்கத்தில், தன்பாட்டில் பேனையை எடுத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, மாமாவின் மடியில் கிடந்த கொப்பியில் 6.09 என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது. பேனையை வைத்தான்.

"மாமா, அது நான் இல்ல" என்றான். "இது." திரையைக் காட்டினான்.

"எது?"

"இந்த மிசின்தான் மாமா அஞ்சு வக்தும் எழும்புது. ஏன் எழும்புது எண்டு தெரியாம, நேரத்த எழுதிக்கொண்டு இருந்த நான். நான் ஒரு வக்தும் போகல்ல."

நான் மிதித்த கால் எனக்கே வலித்தது. பிறகு ஸம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அல்லாஹ்வே!" என்றாள்.

பிறகு அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர்களின் மகள் நஜ்லா கண்டியில் படிக்கிறாள். போன மாதம் லீவில் வந்திருந்தபோது ஸம்ஸியா அவளிடம் சொல்லியிருக்கிறாள்: ஒங்கட வாப்பாக்குப் பள்ளிப் பாங்கு கேக்குதில்ல, கொம்பியூட்டர் சொன்னாலாவது கேப்பாரு. நஜ்லா பாங்கு சொல்லும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, கொம்பியூட்டர் படுத்திருந்தாலும் மூன்று நிமிஷம் முந்தி எழும்பும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். வாப்பாவிடம் சொன்னால் கழற்றிப் பார்ப்பார் என்று சொல்லவில்லை. ஸம்ஸியா காத்திருந்தாள். பாங்குச் சத்தம் ஒரு நாளும் வரவில்லை. பிள்ளை போட்டது வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டாள்.

"சத்தம் ஏன் வரல்ல?" என்றார் மாமா.

பளீல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தக் கொம்பியூட்டரின் ஸ்பீக்கரை, கடையில் கிரிக்கெட் வர்ணனை கேட்க இரண்டு நாளைக்கென்று நான் வாங்கிப் போய் ஒன்றரை மாதம். என் கடைத் தட்டில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில், அது சுகமாக இருந்தது. அதைப்பற்றி அன்று நான் ஒன்றும் கதைக்கவில்லை.

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொப்பியைத் திரும்பவும் பார்த்தார். "சுபஹுக்கு நாலு முப்பத்தொம்பது. பதினஞ்சு நாளும் உன்ட கையெழுத்து. இது மச்சான்ட கையெழுத்து. ரெண்டு பேரும் முழிச்சுத்தான் இருந்திரிக்கிங்க, என்ன?"

"ஓம் மாமா."

"பள்ளி எவ்வளவு தூரம்?"

"நூறு யார்."

"அப்ப எழும்ப ஏலாம இல்ல" என்றார் மாமா.

பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு தொடங்கியது. அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, ஒவ்வொரு சொல்லாக. மாமா எழும்பக் கையை நீட்டினார். ஒரு கையைப் பளீலும் மறு கையை நானும் பிடித்தோம். ஸம்ஸியா "போங்களன்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து குடிக்காரர் கூடியபோது, கொப்பியைக் காட்டி உள்ளதை உள்ளபடி மாமா சொன்னார். பள்ளி மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கொம்பியூட்டரை மரைக்காயராக வைப்போம் என்று ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார். பளீல் முகம் சிவக்க, எழும்பிப் போகாமல் உட்கார்ந்திருந்தான். சிரிப்பு அடங்கிய பிறகு மாமா நாற்பது நாள் தவணை சொன்னார். அதுவரைக்கும் தன் முழங்கால் தாங்கும் என்றார். அதே கொப்பியில் மிச்சப் பக்கங்களைப் பளீல் தனக்காக எழுத வேண்டும்.

அன்று பின்னேரமே பளீல் அந்த மென்பொருளின் எழுப்பும் வேலையை நிற்பாட்டினான். கொம்பியூட்டர் இப்போது போட்ட இடத்தில் படுக்கிறது, தட்டினால்தான் கண் திறக்கிறது. ஆனால் பளீலுக்கு 4.39க்கு முழிப்பு வருவது நிற்கவில்லை. மறுநாள் விடியப்புறம் என் கேற்றில் சத்தம் கேட்டது. என் மனைவி யன்னலால் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்து என்னை உலுக்கினாள்.

"எழும்பு மச்சான்!" என்று வெளியிலிருந்து குரல். "கொம்பியூட்டருக்கு நாலு நாள் வந்தாய்தானே. வரக்குள்ள அந்த ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு வா!"

ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டேன். நாற்பதாம் நாள் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று இடத்தில் சுபஹ் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பளீல் அதை நிரப்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மாமா அந்த மூன்று கட்டத்தையும் விரலால் தொட்டார்.

"மிசின் எழுதினதில ஒரு வெறும் இடம் இல்ல. இதில மூணு இருக்கு. அப்ப இது மனிசன்ட கொப்பிதான்" என்றார். கொப்பியை மூடிப் பளீலின் கையில் கொடுத்து, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அடுத்த ஜும்ஆவில் குடிக்காரர் மரைக்காயர் என்று பளீலைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

அந்த மூன்றில் இரண்டு நாள் அவனுக்குக் காய்ச்சல். மூன்றாவது நாள் காய்ச்சல் இல்லை. அன்றைக்கு அவன் என் கேற்றைத் தட்டிக்கொண்டே நின்றான். நான் முழித்திருந்தேன். "இந்தா வாறன்" என்று உள்ளிருந்து சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். அவன் எனக்காகக் காத்து நின்றதில் தொழுகை தப்பிவிட்டது. அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று மாமா கேட்டபோது, பளீல் என்னைப் பார்க்காமல், "என்ட பிழைதான் மாமா" என்றான்.